ஆப்பிரிக்க மணிக்கல் வணிகத்தில் பெண்கள் நிற்கும் இடம்

தான்சானியாவின் வடகிழக்கு மூலையில், கென்ய எல்லையை ஒட்டி, உம்பா ஆற்றுப் பள்ளத்தாக்கு இருக்கிறது. பல நிறங்களில் கிடைக்கும் கார்னெட் கற்களுக்கும் நீலக் கற்களுக்கும் அது பெயர் பெற்ற இடம். இங்கே ஆழமான சுரங்கங்களை விட மண்வெட்டியும் கடப்பாரையும் கொண்டு தோண்டும் மேலோட்டமான குழிகளே அதிகம். ஆகவே, மற்ற இடங்களில் குழிக்குள் இறங்கவே அனுமதிக்கப்படாத பெண்கள் இங்கே தாமே தோண்டுகிறார்கள், சரளை மண்ணைச் சலிக்கிறார்கள், கிடைத்த கல்லை முந்தானையில் முடிந்துகொண்டு தரகரைத் தேடிப் போகிறார்கள். பொன், கட்டடக் கல், மணிக்கல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், ஆப்பிரிக்காவின் சிறு சுரங்கத் தொழிலாளர்களில் 40 முதல் 50 விழுக்காட்டினர் பெண்கள் என்பது உலக வங்கி உள்ளிட்ட அமைப்புகள் நெடுங்காலமாக எடுத்தாளும் மதிப்பீடு. ஆட்கணக்கில் பெண்களுக்குக் குறைவில்லை. ஒரு கல் மண்ணிலிருந்து மோதிரத்துக்குப் போய்ச் சேரும் வரையில் அதன் விலை பல தடவை உயர்கிறது, அந்த உயர்வு நடக்கும் படிகளில் மட்டும் அவர்களைக் காண்பது அரிது. அது ஏன் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் கூலி முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். கிழக்கு ஆப்பிரிக்காவின் பெரும்பாலான மணிக்கல் குழிகளில் மாதச் சம்பளமோ நாட்கூலியோ கிடையாது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். கருவிகளுக்கும் டீசலுக்கும் சாப்பாட்டுக்கும் பணம் போடுபவர் இன்னொருவராக இருப்பார். தோண்டுபவர்கள் உணவை மட்டும் பெற்றுக்கொண்டு, கல் கிடைத்தால் அதில் ஒரு பங்கு என்ற வாய்ப்பேச்சின் பேரில் வேலை செய்வார்கள். மாதக்கணக்கில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம், ஒரே நாளில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறலாம். குழிக்கு வெளியே சமைப்பதும் தண்ணீர் சுமப்பதும் பாறையை உடைப்பதும் பெண்களின் வேலைகள். அவை இல்லாமல் குழி ஒரு நாளும் நடக்காது என்றாலும், அவற்றுக்குப் பங்கு இல்லை. சில்லறைக் காசோ, ஏற்கெனவே ஒரு முறை ஆண்கள் தேடிப் பார்த்துவிட்டுக் கொட்டிய கழிவு மண்ணைச் சலித்துக்கொள்ளும் அனுமதியோதான் அவர்களுக்குக் கிடைப்பது. நட்டத்தில் மட்டும் பங்கு, லாபத்தில் இல்லை என்பதே இந்த ஏற்பாட்டின் பொருள்.

பெண்களைக் குழியிலிருந்து விலக்கி வைக்கும் நம்பிக்கைகள் இந்த ஏற்பாட்டுக்குத் துணை நிற்கின்றன. பெண் இறங்கினால், அதிலும் மாதவிலக்கு நாட்களில் அருகே வந்தால், கல் மறைந்துவிடும் என்ற நம்பிக்கை தான்சானியாவிலும் வேறு பல ஆப்பிரிக்க நாடுகளிலும் உண்டு. இதை ஆப்பிரிக்காவுக்கே உரிய மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நமக்குத் தகுதி இல்லை. இலங்கையின் இரத்தினபுரிப் பக்கத்து மாணிக்கக் குழிகளிலும் தீட்டின் பெயரால் பெண்களைத் தள்ளி வைக்கும் வழக்கம் இருந்துவந்திருக்கிறது. நம்பிக்கை எந்தத் தெய்வத்தின் பெயரால் வந்தாலும், கல் கண்ணில் படும் அந்தக் கணத்தில் பெண் அங்கே இருக்கக் கூடாது என்பதில்தான் போய் முடிகிறது. கல் கிடைத்ததைக் கண்ணால் பார்க்காதவர் பங்கு கேட்க முடியாது.

இந்தத் தடையைத் தாண்டியவர்களில் உலகம் அறிந்த பெயர் பிலி ஹுசைன். கிளிமஞ்சாரோ மலைக்குத் தெற்கேயுள்ள மெரெலானிக் குன்றுகளில் மட்டுமே தான்சனைட் என்னும் நீலநிறக் கல் வணிக அளவில் கிடைக்கிறது. 1967இல் கண்டறியப்பட்ட அந்தக் கல்லுக்கு அடுத்த ஆண்டே டிஃப்பனி நிறுவனம் நாட்டின் பெயரைச் சூட்டி விற்கத் தொடங்கியது. வன்முறை நிறைந்த மணவாழ்க்கையிலிருந்து தப்பி அங்கே வந்து சேர்ந்த பிலி, பெண்களுக்குச் சுரங்கத்தில் இடமில்லை என்று கண்டு ஆண் உடை போட்டுக்கொண்டார். ஆண்களைப் போலவே பேசி, இடுப்பில் பெரிய கத்தி செருகி, ‘மாமா’ என்று மற்றவர்கள் அழைக்க, ஏறத்தாழ பத்து ஆண்டுகள் நிலத்தடியில் உழைத்தார். ஒரு குற்ற வழக்கில் மற்ற ஆண் தொழிலாளர்களோடு சேர்த்துக் காவலர்கள் பிடித்துச் சென்றபோதுதான், தான் பெண் என்பதை அவர் வெளிப்படுத்த நேர்ந்தது. தோண்டியெடுத்த தான்சனைட் அவரைச் சொந்தச் சுரங்கத்துக்கு உரிமையாளராக்கியது. 2017இல் பிபிசி அவர் கதையை வெளியிட்டபோது அவரிடம் 70 பேர் வேலை பார்த்தார்கள். அவர்களில் பெண்கள் மூன்று பேர், மூவரும் சமையல்காரர்கள். சாகசக் கதையாக இதைப் பகிர்பவர்கள் இந்த வரியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். எனக்கோ, துணிவுள்ள ஒரு பெண் உள்ளே நுழைந்துவிட்டதால் மட்டும் ஒரு தொழிலின் அமைப்பு மாறிவிடாது என்பதைச் சொல்ல இதைவிடத் தெளிவான சான்று தோன்றவில்லை.

அமைப்பை மாற்றக்கூடியது உரிமம். தான்சானியச் சட்டத்தில் சிறு சுரங்கத்துக்கான முதனிலை உரிமம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. பெண்ணும் அதைப் பெறலாம் என்பதில் சட்டத்தில் சிக்கல் ஏதுமில்லை. 1999ஆம் ஆண்டின் நிலச் சட்டங்களும் பெண்ணுக்கு ஆணோடு சம உரிமையை எழுத்தில் தந்தவை. ஆனால் ஊர் வழக்கில் நிலம் மகன்களுக்கே போகிறது. நிலமில்லாதவருக்கு அடமானம் வைக்க ஒன்றுமில்லை. அடமானம் இல்லாதவருக்கு வங்கி கதவைத் திறப்பதில்லை. தோண்டாத குழிக்குள் இருக்கும் கல்லை எந்த வங்கியும் சொத்தாகக் கணக்கில் எடுக்காது. உரிமக் கட்டணம் செலுத்திக் காகிதம் வாங்கிய பெண்களும்கூட, தண்ணீர் இறைக்கும் பம்புக்கும் பாறை பிளக்கும் காற்றழுத்த இயந்திரத்துக்கும் பணமில்லாமல், பணம் போடும் ஆணிடம் குழியை ஒப்படைத்துவிட்டுத் தாங்கள் பெயரளவில் உரிமையாளராக நிற்க வேண்டி வருகிறது. 1997இல் தொடங்கப்பட்ட தான்சானியப் பெண் சுரங்கத்தார் சங்கம் இந்தச் சிக்கலை நேரடியாகக் கையில் எடுத்தது. டவோமா என்ற சுருக்கப் பெயரால் அறியப்படும் அந்தச் சங்கம் உரிமம் வாங்குவது, கருவிகளைப் பகிர்வது, அரசு அலுவலகங்களில் பெண்களுக்காகப் பேசுவது ஆகியவற்றைக் கூட்டாகச் செய்கிறது. அதே காலத்தில் ஸாம்பியாவிலும் பெண் சுரங்கத்தார் சங்கம் ஒன்று உருவானது. மரகதமும் செவ்வந்திக் கல்லும் விளையும் நாடு அது.

உரிமம் கையில் இருந்தும் விலை கையில் இல்லாமல் போவது எப்படி என்பதை நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த வணிகத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. ஒரு பெண் தன் ஒரு மாதச் சேகரிப்பை, முப்பது நாற்பது கார்னெட் கற்களை, ஒரு சிறு பையில் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். தரகர் அதை உள்ளங்கையில் கொட்டி, விரலால் பரப்பி, ஒன்றிரண்டை மட்டும் வெயிலில் தூக்கிப் பார்க்கிறார். விரிசல் ஓடிய கற்களைத் தனியே எடுத்துக் காட்டி, ‘இவ்வளவும் குப்பை’ என்கிறார், மொத்தத்துக்கும் ஒரு விலை சொல்கிறார். அந்தக் கூட்டத்தில் நிறமும் தெளிவும் வடிவமும் ஒருசேர அமைந்த மூன்று கற்கள் இருக்கலாம், முழுப் பையின் மதிப்பும் அந்த மூன்றில் அடங்கியிருக்கலாம். தரகருக்கு அது தெரியும். விற்பவருக்குத் தெரியாது, அல்லது தெரிந்தாலும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு அன்று மாலைக்குள் பணம் வேண்டும். பட்டை தீட்டும்போது ஒரு கல்லின் எடையில் முக்கால் பங்கு வரை போய்விடும் என்பதால், எந்த வடிவக் கல்லில் எவ்வளவு மிஞ்சும் என்று கணிக்கத் தெரிந்தவரே உண்மை விலையைச் சொல்ல முடியும். அந்தக் கணிப்பு ஆண்களின் வட்டத்துக்குள், பெரும்பாலும் வெளியூர் வணிகர்களிடமிருந்து தரகர்களுக்குக் கைமாறி வந்த அறிவு. இரவில் தேநீர்க் கடையில் பேசிப் பழகும் இடங்களில்தான் அது பரவுகிறது, பெண்கள் அந்த இடங்களில் இருப்பதில்லை.

இந்த இடைவெளியைக் குறிவைத்த முயற்சி ஒன்று 2017இல் தான்சானியாவில், உம்பாப் பள்ளத்தாக்கு அடங்கிய டாங்கா வட்டாரத்தில் தொடங்கியது. 1931இல் நிறுவப்பட்ட அமெரிக்க மணிக்கல் ஆய்வுக் கழகமான ஜிஐஏ, பாக்ட் என்னும் வளர்ச்சி அமைப்போடும் டவோமாவோடும் சேர்ந்து, ஸ்வாஹிலி மொழியில் படங்கள் நிறைந்த கையேடு ஒன்றைச் சுரங்கத்தாருக்குக் கொடுத்தது. கல்லைக் கழுவு, நிறவாரியாகப் பிரி, ஒளியில் வைத்து உள்ளே பார், விரிசலைத் தேடு, வடிவத்தைக் கவனி என்று படிப்படியாகப் படத்திலேயே சொல்லும் புத்தகம் அது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் பின்பற்றலாம். கற்களைப் பரப்பிப் பார்க்க ஒரு சிறு தட்டும் உடன் வந்தது. நுண்ணோக்கியோ மின்சாரமோ தேவைப்படவில்லை. உயர்ந்த தொழில்நுட்பம் எதுவும் இல்லாததாலேயே இது எனக்கு முக்கியமாகப் படுகிறது. எல்லாக் கற்களையும் ஒரே பையில் போட்டு விற்பதற்குப் பதிலாக, மூன்றைத் தனியே எடுத்து வைத்து ‘இதற்கு வேறு விலை’ என்று சொல்ல ஒரு பெண்ணால் முடிந்தால், பேரத்தின் முதல் வாக்கியம் அவருடையதாகிறது.

ஆனால் தரம் தெரிந்தால் மட்டும் போதாது, தரத்துக்கு விலை கொடுக்கும் ஆள் எதிரே உட்கார வேண்டும். 2019இல் தொடங்கிய மோயோ ஜெம்ஸ் என்னும் கூட்டுத் திட்டம் இதற்காகச் சந்தை நாட்களை ஏற்படுத்தியது. ஏற்றுமதி உரிமம் பெற்ற வாங்குபவர்கள் சுரங்க ஊருக்கே வருகிறார்கள். பெண்கள் வரிசையில் வந்து கற்களை மேசையில் வைக்கிறார்கள், விலை சொல்லப்படுகிறது, பிடிக்காவிட்டால் கல்லை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். விற்பனை ஒவ்வொன்றும் பதிவாகிறது, அரசுக்குரிய உரிமைத்தொகை செலுத்தப்படுகிறது, எந்தக் குழியிலிருந்து எந்தக் கல் வந்தது என்ற தகவல் கல்லோடு பயணம் செய்கிறது. பின்னர் கென்யாவின் டைட்டா டவேட்டா பகுதிக்கும் இது விரிந்தது. வாங்குபவர்கள் அதிக விலை தருவதற்குக் கருணை மட்டும் காரணமில்லை. இந்தக் கல்லை ஒரு பெண் எடுத்தாள், அவளுக்கு நியாயமான பணம் போனது என்ற செய்தியை அமெரிக்க, ஐரோப்பிய நகைக் கடைகளில் விற்க முடிகிறது. அந்தச் செய்திக்கான கிராக்கி குறைந்தால் சந்தை நாளின் எதிர்காலமும் ஆட்டம் காணும் என்பதை மறந்துவிடக் கூடாது. தவிர, மிகத் தாழ்ந்த தரக் கற்களை இத்தகைய வாங்குபவர்கள் எடுப்பதில்லை என்பதால், பழைய தரகரை முற்றிலும் பகைத்துக்கொள்ளப் பெண்களால் முடியாது. மழைக்காலத்தில் கடன் கொடுப்பவரும் பெரும்பாலும் அவரேதான்.

தான்சனைட் விளையும் மெரெலானியில் நிலைமை வேறு மாதிரி. அங்கே குழிகள் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம் போகின்றன, பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கழிவுக் குவியல்களே. அந்தப் பாறை கிராஃபைட் நிறைந்தது. சல்லடையைக் குலுக்கும்போது எழும் கருந்தூள் முகத்திலும் கையிலும் மூச்சிலும் படிகிறது, கறுப்புத் தூசியில் ஒரு நீலச் சில்லைத் தேடும் வேலை அது. வணிகத்தில் மசாய் ஆண்கள் தரகர்களாக ஊன்றிவிட்ட பிறகு, மசாய்ப் பெண்களும் சிறு கற்களை வாங்கி விற்கத் தொடங்கினார்கள். மசாய்ச் சமூகத்தில் மாடு ஆணின் சொத்து, மணிக்கோப்பு பெண்ணின் கைவேலை. செக் நாட்டிலிருந்து வந்த கண்ணாடி மணிகளைக் கோத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்று வரும் பணம் பெண்ணிடமே தங்கும் வழக்கம் ஏற்கெனவே இருந்ததால், கையில் சிறு முதலும் பேரம் பேசும் பழக்கமும் அவர்களுக்கு இருந்தன. 2018இல் குடியரசுத் தலைவர் மகுஃபுலியின் ஆணைப்படி சுரங்கப் பகுதியைச் சுற்றி ஏறத்தாழ 24 கிலோமீட்டர் மதில் எழுந்தது. கடத்தலைத் தடுக்க எழுப்பிய அந்த மதிலால் அரசின் வருவாய் கூடியது. சட்டைப்பையில் இரண்டு சில்லுகளோடு அலைந்த சிறு வியாபாரிக்கு, அவர் ஆணோ பெண்ணோ, வாயிற்சோதனையும் உரிமச் சீட்டும் புதுச் சுமையாயின.

மடகாஸ்கருக்கு வந்தால், நமக்கு நெருக்கமான ஒரு கண்ணி தெரிகிறது. 1998இல் அத்தீவின் தென்மேற்கே, ஏழாம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் சில குடிசைகளாக இருந்த இலகாகா, நீலக்கல் கிடைத்த செய்தி பரவியதும் சில ஆண்டுகளில் பல்லாயிரம் பேர் வாழும் ஊராகிவிட்டது. அதன் பெரும் குழிகளில் ஒன்றுக்குச் சுரங்கத்தார் இட்ட பெயர் ‘சுவிஸ் வங்கி’. அங்கே கல் வாங்க வந்து தங்கியவர்களில் தாய்லாந்துக்காரர்களும் இலங்கையரும் முன்னணியில் இருந்தார்கள். இலங்கையரில் பலர் பேருவளைச் சீனன்கோட்டையிலிருந்து போன, தமிழ் பேசும் முஸ்லிம் வணிகர்கள். மங்கலான கல்லைச் சூடேற்றித் தெளிந்த நீலமாக்கும் கலை அவர்களுக்குக் கைவந்தது என்பதால், மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய கல்லிலும் அவர்கள் லாபம் கண்டார்கள். இலகாகாக் கல்லின் மதிப்பு எங்கே கூடுகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை: கல் கடல் தாண்டிய பிறகு.

அந்த ஊரில் ஆண்கள் குழி தோண்ட, மண் மூட்டைகள் ஆற்றுக்குப் போக, இடுப்பளவு நீரில் நின்று குடும்பம் குடும்பமாகச் சலிப்பவர்களில் பெண்கள் பெருந்தொகையினர். விற்பனையிலும் அவர்கள் உண்டு. சாலையோர மேசையில் சிறு கற்களைப் பரப்பி உட்கார்ந்திருப்பவர்கள், வெளிநாட்டு வாங்குபவருக்கும் மடகாஸ்கர் சுரங்கத்தாருக்கும் இடையே பேசிவிடுபவர்கள் எனப் பல வகை. இவர்கள் கையாள்வது பெரும்பாலும் அடித்தட்டுத் தரம். நல்ல கல் கிடைத்தவர் நேரே பெரிய வணிகரின் கடைக்குப் போய்விடுகிறார், பெண்ணின் மேசைக்கு வருவது மிச்சம். தலைநகர் அந்தனனரிவோவில் 2003இல் மணிக்கல் பயிற்சி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆனால் தலைநகரிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், கைக்குழந்தையோடு சல்லடை பிடிக்கும் பெண்ணுக்கு அங்கே போய்ப் படிப்பது எளிதன்று. சுரங்க ஊர்களிலேயே பெண்களைத் திரட்டிப் பட்டை தீட்டவும் தரம் பார்க்கவும் கற்றுத்தந்த சிறு முயற்சிகளே அவர்களை எட்டின.

பெண்களின் கை ஓங்கிய இடமே ஆப்பிரிக்காவில் இல்லையா என்றால், இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா நாட்டின் க்ரோபோ மக்களின் கண்ணாடி மணி வணிகம் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. உடைந்த பாட்டில்களை இடித்துத் தூளாக்கி, களிமண் அச்சில் இட்டு, துளைக்காக மரவள்ளி இலைக்காம்பைச் செருகி, சூளையில் சுடுகிறார்கள். காம்பு எரிந்துபோகிறது, துளை நிற்கிறது. சூளை வேலை மரபுப்படி ஆண்களுடையது. கோப்பதும் விற்பதும் பெண்களின் ஆட்சி. அகொமான்யாச் சந்தையிலும் வியாழக்கிழமை கூடும் கோஃபொரிடுவாச் சந்தையிலும் எந்த மணி எந்தச் சடங்குக்கு, எது பழையது, எது பழையது போல் செய்தது என்று சொல்லக்கூடியவர்கள் அந்தப் பெண்களே. பருவமெய்திய பெண்களுக்கான டிப்போ சடங்கில் அணிவிக்கும் மணிகளின் அறிவு தாயிடமிருந்து மகளுக்கு வருகிறது, வணிக அறிவும் அதே வழியில் வருகிறது. கண்ணாடித் தூளின் விலை ஒன்றுமில்லை. ஆனாலும் தரத்தைத் தீர்மானிக்கும் அறிவு பெண்ணிடம் இருப்பதால் லாபமும் பெண்ணிடம் தங்குகிறது. உம்பாவில் உண்மையான மணிக்கல் வைத்திருக்கும் பெண்ணை விட இவர் உறுதியான நிலத்தில் நிற்கிறார். சீனாவிலிருந்து வரும் மலிவான போலி மணிகள் அந்த உறுதியை இப்போது அரிக்கின்றன என்பது தனிக் கவலை.

வணிகத்தின் மறுமுனையில், நகை வடிவமைப்பில், ஆப்பிரிக்காவில் பிறந்த பெண்கள் சிலர் பெயர் பெற்றிருக்கிறார்கள். கினி-பிசாவில் பிறந்த வானியா லெலெஸ், நைஜீரியாவில் பிறந்த தெல்மா வெஸ்ட், கானாவில் பிறந்த எமெஃபா கோல் ஆகியோர் அவர்களில் அடங்குவர். கோல் 2022இல் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் புலம்பெயர் சமூகங்களின் நகைகளுக்கான முதல் காப்பாட்சியராகவும் நியமிக்கப்பட்டார். வைரத் துறையில், போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கத்தை நடத்தும் லுகாரா நிறுவனத்தின் உள்நாட்டுப் பொறுப்பை நசீம் லஹ்ரி ஏற்றார். இவை பெருமைக்குரியவை. ஆனால் வடிவமைப்பாளர்களின் கடை இருப்பது லண்டனில், வைரச் சுரங்கமோ பெருமுதல் நடத்தும் அமைப்பு. சல்லடை பிடிக்கும் பெண்ணிடமிருந்து இந்த மேசைகளுக்கு ஏணி ஏதும் இல்லை.

ஏணிக்கு நடுப்படியாக இருக்கக்கூடியது பட்டை தீட்டும் தொழில். தான்சனைட்டின் பெரும்பகுதி இன்றும் ஜெய்ப்பூரில்தான் பட்டை தீட்டப்படுகிறது. ஒரு கிராமுக்கு மேற்பட்ட தீட்டாத தான்சனைட்டை ஏற்றுமதி செய்யத் தான்சானியா 2010இல் தடை விதித்ததன் நோக்கம், அந்த வேலையை நாட்டுக்குள் இழுப்பது. அருஷா நகரில் அமைந்த அரசு மணிக்கல் மையம் தொடக்கத்திலேயே பெண்களைப் பயிற்சிக்குத் தேர்ந்தெடுத்தது. சக்கரத்தின் முன் உட்கார்ந்து கோணம் பார்த்துக் கல்லைப் பிடிப்பதற்கு உடல் வலிமையோ, குழியில் இறங்கும் உரிமையோ, நிலமோ தேவையில்லை என்பதால், பெண்கள் நுழைவதற்கு இதைவிட ஏற்ற வாசல் இத்தொழிலில் இல்லை. ஆனால் சிறு கல் ஒன்றுக்கு ஜெய்ப்பூர்ப் பட்டறை வாங்கும் கூலியோடு அருஷாவால் போட்டியிட முடியாது. அந்தத் தடையும் ஒரு கிராமுக்குக் கீழ் உள்ளதைத் தடுக்கவில்லை. அருஷாவில் தங்கக்கூடியது பெரிய கற்களின் வேலை மட்டுமே. ஒரு தவறான கோணத்தில் பெருந்தொகை கரைந்துவிடும் கற்கள் அவை. அவற்றை உரிமையாளர்கள் பழகிய கைகளிடமே கொடுப்பார்கள், பழகுவதற்கோ சிறு கற்கள் வேண்டும். பயிற்சி முடித்து வரும் பெண்களுக்கு அந்தச் சிறு கற்களை யார், எந்தக் கூலிக்குக் கொடுப்பார்கள் என்பதற்கு ஏற்றுமதித் தடையில் விடை இல்லை.